பெங்களூர் மாநாடும் இரண்டாவது வண்டியும்

2012 ஆகஸ்ட் 6, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். என் குடை ஆபீஸில். மகள் நிஷாவின் பள்ளிக்கூடக் குடையைப் பிடித்துக்கொண்டு போனேன், அவள் ரெயின்கோட்டில், முகம் உம்மென்று. பத்தாம் வகுப்பு வந்ததும் ரெயின்கோட்டு கௌரவக் குறைச்சலாம்.

எங்கள் டிரஸ்டை நடத்தும் டாக்டரம்மா கூப்பிட்டார். பெங்களூரில் ஒரு மாநாடு, நான்தான் போகவேண்டுமாம். நிதி திரட்டுவதற்கு முன்னால் ஆராய்ச்சி செய்து கொடுக்கிறவர்களுக்கான மாநாடு. அதாவது, யாரிடம் கேட்கலாம், அவருக்கு எதில் மனம், எப்போது கேட்கலாம், கேட்கவே கூடாதா என்று பார்த்து எழுதி வைக்கிறவர்கள். என்னைப்போல. இந்த வேலைக்கு நாட்டில் வேறு ஆட்களும் உண்டு என்பதே இன்றைக்குத்தான் தெரியும். ஆறு வருடமாக நாகர்கோவிலில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், செய்தித்தாள் வெட்ட ஒரு கத்தரிக்கோல். கல்யாண வீட்டில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "டிரஸ்ட்ல ஆபீஸ் வேலை" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

முருகன் அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம். நான் தேடிக் கொடுக்கும் ஆட்களை நேரில் போய்ப் பார்த்துப் பணம் கேட்கிறவர் அவர்தான். சுசீந்திரத்துக்காரர், பேச்சுக்குக் கேட்கவேண்டுமா. "பிள்ளே, என்னய அனுப்புனா நாலுவேரப் பாத்துப் பேசிட்டு வருவேன். நீ மூலையில இருந்து எழுதி எடுத்தோண்டு வருவ."

பொய்யில்லை. அதனால்தான் கோபம் வரவில்லை.

ஆகஸ்ட் 7, செவ்வாய்

மழை இல்லை. மனசும் சரியில்லை.

இனயத்தில் ஒரு நோயாளி. நேற்று ராத்திரியே வலி கூடியிருக்கிறது. நம் வண்டி காலையில் ஆரல்வாய்மொழிப் பக்கம் போயிருந்தது. ஜில்லாவின் அந்த முனை. அங்கிருந்து திரும்பி இந்த முனைக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. குணமாகாது என்று ஆஸ்பத்திரிகள் அனுப்பிவிட்டவர்களுக்கு வீட்டுக்கே போய் வலியையாவது குறைப்போம் என்றுதான் டாக்டரம்மா இந்த டிரஸ்டைத் தொடங்கினார். ஒற்றை வண்டியை வைத்துக்கொண்டு எத்தனை வலிக்குப் போக.

மத்தியானம் வரை அவர் அறைக் கதவு சாத்தியே இருந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"துணிக்கட அண்ணாச்சியப் பத்தி எழுதி முடிச்சியா?"

"கொஞ்சம் பாக்கி இருக்கு டாக்டரம்மா."

"அவரு ஒருத்தர் நெனச்சா ரெண்டாவது வண்டி வந்துரும். அவரு மனச எது தொடும்னு கண்டுபிடி ஷீபா. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

பெங்களூர் போய்விட்டு வந்து தருகிறேன் என்று சொன்னேன்.

எனக்குத் தெரியும், எது தொடும் என்று. திருவனந்தபுரத்தில் நர்ஸாக இருக்கும் என் சித்தி மகள் போனவாரம் போனில் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். துணிக்கடை அண்ணாச்சியின் மனைவிக்குப் புற்றுநோய். ஊருக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்குக்கூட முழுதாகத் தெரியாதாம். நம் வேலையே அந்த நோயில்தான். முருகன் அண்ணன் போய் அந்த இடத்தைத் தொட்டுப் பேசினால் அவர் இல்லை என்று சொல்லமாட்டார்.

ஒரே ஒரு வரி, அவரைப் பற்றிய பக்கத்தில் தட்டி வைத்திருக்கிறேன். யாருக்கும் காட்டவில்லை.

ஆகஸ்ட் 8, புதன்

ரயில். எடுத்துக்கொண்டவை: பச்சைச் சேலை, நீலச் சுரிதார், நேந்திரங்காய் வற்றல் (யாருக்காவது கொடுக்க), தலைவலித் தைலம், வீட்டுக்காரர் ஸ்டீபன் திணித்த டார்ச் லைட். ஓட்டலில் கரண்ட் போனால் என்ன செய்வாய் என்று கேட்டு. பள்ளிக்கூட வாத்தியார் புத்தி.

ஸ்டேஷனில் நிஷா: "அம்மா, அங்க இங்கிலீஷ்லதான் பேசணும். தெரியாட்டி சிரிச்சிரு."

எதிர் சீட்டில் ஒரு பெரியவர் ஆரல்வாய்மொழி தாண்டும்வரை காற்றாலைக் காற்றாடிகளை எண்ணிக்கொண்டே வந்தார். வள்ளியூர் வந்ததும் தூங்கிவிட்டார்.

ஆகஸ்ட் 9, வியாழன். பெங்களூர்

குளிர்ச்சி. சாயா இல்லை, காபிதான். விரற்கடை டம்ளரில். இரண்டு வாங்கினால்தான் ஒன்று குடித்த மாதிரி இருக்கிறது.

கழுத்தில் மாட்ட ஒரு அட்டை தந்தார்கள். என் பெயருக்குக் கீழே "ஆராய்ச்சியாளர்". கழிப்பறைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். பக்கத்தில் கை கழுவியவளும் தன் அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் சிரித்துவிட்டோம். வைதேகி, கோயம்புத்தூர், முதியோர் இல்லம் ஒன்றுக்கு இதே வேலை. "எங்க வீட்ல நான் என்ன வேலை பாக்கறேன்னு இன்னும் யாருக்கும் தெரியாதுங்க" என்றாள். கட்டிப்பிடிக்காத குறை. வற்றல் பாதி அவளுக்கு.

காலை வகுப்பில் பாதி புரியவில்லை. கம்ப்யூட்டரில் கம்பெனி விவரம் எடுப்பது, பங்குச் சந்தை, அமெரிக்காவில் எப்படி. எங்கள் ஊரில் பணக்காரர்கள் கம்ப்யூட்டருக்குள் இல்லையே என்று நினைத்தேன்.

மத்தியானம் வட்டமாக உட்காரவைத்து, அவரவர் ஊரில் எப்படி ஆள் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். என் முறை வந்தது. எழுந்தேன். அரை இங்கிலீஷ், அரைத் தமிழ், வைதேகி மொழிபெயர்த்தாள். அறுப்பின் பண்டிகை ஏலத்தைச் சொன்னேன். சர்ச்சில் ஒரு பூசணிக்காயை ஏலம் விடுவார்கள், சந்தை விலையைப்போல பல மடங்குக்கு ஒருவர் எடுப்பார். எடுத்ததும் திரும்பவும் ஏலத்துக்கே விட்டுவிடுவார். அப்படி விடுகிறவர்தான் நம் ஆள். காயைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவரிடம் போய் நிற்கவேண்டாம். அறை முழுக்கச் சிரிப்பு. கல்கத்தாக்காரர் ஒருவர் துர்கா பூஜை வசூலில் அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று தொடங்கினார், பிறகு ஆளாளுக்கு. தேநீர் நேரம் தாண்டியும் யாரும் எழவில்லை.

இப்படி ஒரு பேச்சு ஆறு வருடத்தில் யாருடனும் பேசியதில்லை. வேலையில் தனியாக இருந்தேன் என்பதே இன்றைக்குத்தான் உறைத்தது.

சாப்பாடு: பனீர், பனீர், பனீர்.

ஆகஸ்ட் 10, வெள்ளி. பெங்களூர், பிறகு ரயில்

பம்பாயிலிருந்து வந்த ஒரு வயதான அம்மா பேசினார். வெள்ளை முடி, கதர்ச் சேலை, வாழ்நாளெல்லாம் இதே வேலை பார்த்தவர். நிதானமான இங்கிலீஷ், ஒரு சொல்கூட எனக்கு விடுபடவில்லை. அவர் சொன்னதில் இரண்டு.

ஒன்று. புதுப் பணக்காரனைத் தேடி ஓடுவதற்கு முன்னால், ஏற்கெனவே உங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பவர் யார் என்று திரும்பிப் பாருங்கள். சின்னத் தொகையாக இருக்கும். ஆனால் வருடம் தவறாமல் வரும். அவரை யாரும் ஒருமுறைகூடப் போய்ப் பார்த்திருக்கமாட்டீர்கள்.

இரண்டாவதைக் கேட்டு வாங்கியது நான்தான். கேள்வி நேரத்தில் கை தூக்கினேன். (நிஷா நம்பமாட்டாள்.) ஒருவருடைய வீட்டு நோய், அவர் வெளியே சொல்லாதது, நமக்கு வேறு வழியில் தெரிந்துவிட்டது. எழுதலாமா? கேட்பதோ நல்ல காரியத்துக்கு.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என்னையே பார்த்தார். "நீங்கள் எழுதும்போது அந்த மனிதர் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களால் தொடர்ந்து எழுத முடிந்தால் எழுதுங்கள்."

அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை.

ரயிலில் எழுதுவது. போனதில் என்ன லாபம் என்று டாக்டரம்மாவுக்கு அறிக்கை தரவேண்டும்:

- கம்ப்யூட்டரில் கம்பெனி விவரம் எடுக்கும் வழி, இலவசமாகவே. (நிஷாவிடம் இன்னொருதரம் கேட்டுச் செய்துபார்க்கவேண்டும்)
- சந்தேகம் வந்தால் போன் பண்ண நாலைந்து பேர். இதுவரை ஒருவரும் இல்லை.
- கொடுத்தவர்களைத் திரும்பிப் பார்ப்பது.
- எதை எழுதக்கூடாது என்பது.
- எனக்கு வாய் உண்டு என்பது.

கடைசியை அடித்துவிட்டுத்தான் கொடுக்கவேண்டும்.

ஆகஸ்ட் 11, சனி

வீடு. ஸ்டீபன் வைத்த சாளைக் குழம்பு; உப்பு தூக்கல், ஆனாலும் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். பெங்களூரில் வாங்கிய மைசூர்பாகு நொறுங்கிப்போயிருந்தது, நிஷா ஸ்பூனால் அள்ளித் தின்றாள். இங்கிலீஷில் கேள்வி கேட்டதைச் சொன்னேன். "சும்மா வுடாதம்மா."

டார்ச் லைட் தேவைப்படவில்லை. ஸ்டீபனுக்கு அதில் சின்ன ஏமாற்றம்.

ஆகஸ்ட் 13, திங்கள்

ஆபீஸ் போனதும் முதல் வேலை, அந்த வரியை அழித்தது. டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே. அழித்துவிட்டால் பிறகு மனசு மாற வழியில்லை.

பிறகு பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்தார்.

"இது ஊருக்கெல்லாம் தெரிஞ்சதுதான. கட எப்பத் தொடங்குனாரு, கோயிலுக்கு என்ன செஞ்சாரு... மனசத் தொடுற காரியம் எங்க?"

"ஒரு காரியம் எனக்குத் தெரியும் டாக்டரம்மா. அவரு வெளிய சொல்லாதது. நான் எழுதமாட்டேன்."

"எங்கிட்டயுமா?"

"ஒங்ககிட்டயும்தான்."

நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "போன வாரம் ஒரு மனுசன் வலியில செத்தாரு ஷீபா. எனக்கு வண்டி வேணும். நீ பெங்களூர் போய் இதத்தான் படிச்சிட்டு வந்தியா?"

"இதயுந்தான்."

என் குரலா அது என்று இருந்தது. வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். முருகன் அண்ணன் தன் சாயாவை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

வேலை போனாலும் போகட்டும் என்று ஸ்டீபனிடம் சொன்னேன். "போவாது. போனா பாப்பம்." டி.வி.யில் ஒலிம்பிக்ஸ் முடிவு விழா மறுபடியும் காட்டினார்கள், பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டார்.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

சாரல்.

டாக்டரம்மா காலையில் வந்ததும் என் மேசைக்குத்தான் வந்தார். "நானும் ஒரு டாக்டர். நோயாளி சொன்னத வெளிய சொல்லமாட்டேன்னு நான் சத்தியம் பண்ணிருக்கேன். நீ பண்ணல்ல. ஆனாலும் நீ செஞ்சது சரி." அவ்வளவுதான். பிறகு: "செரி, வண்டிக்கு வழியச் சொல்லு."

அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பம்பாய் அம்மா சொன்னதுபோலப் பழைய ரசீதுகளை ஊர் வாரியாகக் கம்ப்யூட்டரில் பிரித்தேன். வருடம் தவறாமல் வருகிறவை. சின்னத் தொகைகள், பெரும்பாலும் மணியார்டர். நாகர்கோவில் கடைவீதியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

பாதிக்கு மேல் கடற்கரை. இனயம், கடியப்பட்டணம், இன்னும் பக்கத்து ஊர்கள். ரசீதை நானேதான் எழுதி அனுப்பியிருக்கிறேன். நம்முடைய நோயாளிகளின் வீடுகள். இறந்தவரின் ஆண்டு நினைவு நாளன்று ஒரு தொகை. யாரும் கேட்காமல்.

ஆகஸ்ட் 17, வெள்ளி

முருகன் அண்ணனோடு சண்டை என்று சொல்லமுடியாது, வாக்குவாதம்.

"மீன்காரங்ககிட்டப் போயா கேக்கது? நாம குடுக்கதுக்குப் போற எடம் பிள்ளே அது. அவிய வீட்டுல ஒரு கிளாஸ் சாயா குடிக்கப்பிடாதுன்னு டாக்டரம்மா சட்டம் போட்டிருக்கு. இப்ப வண்டி வாங்கப் பைசா தாங்கன்னு போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

மத்தியானம் வைதேகிக்குப் போன் செய்தேன். மில் தொழிலாளர் வீடுகளில் அவளுக்கும் இதே தயக்கம் இருந்ததாம். "கேக்கப் போகாதீங்க. நீங்க அனுப்புனதுக்கு நன்றி சொல்லத்தான் வந்தோம்னு போங்க. மிச்சத்த அவங்களே சொல்லுவாங்க." அரை மணி நேரப் பேச்சு, கடைசியில் பாதி அவள் மாமியாரைப் பற்றி.

ஆகஸ்ட் 20, திங்கள்

இனயம். நானும் முருகன் அண்ணனும் பஸ்ஸில். கடல் நல்ல இரைச்சல்.

மேரி ஸ்டெல்லா அக்கா வீடு. மீன் விற்கிறவர். கணவர் நம் கவனிப்பில் இருந்து இரண்டு வருடத்துக்கு முன் இறந்தவர். மூத்த மகன் துபாயில். இரண்டு வருடமும் நினைவு நாளுக்குப் பணம் அனுப்பியிருக்கிறார். நன்றி சொல்ல வந்தோம் என்று சொன்னேன். சந்தேகமாகப் பார்த்தார்.

"வேற ஒண்ணுமில்லியா?"

"இல்லக்கா."

உள்ளே போய்ச் சாயாவோடு வந்தார். முருகன் அண்ணன் வழக்கப்படி, "வேண்டாம்மா, இப்பத்தான் குடிச்சோம்" என்றார்.

அக்கா தட்டைக் கீழே வைத்தார். முகம் சிவந்துவிட்டது.

"ஒரு வருசம் எங்க வீட்டுக்கு வந்திய. எம் மாப்பிளைக்குப் புண்ணு தொடச்சிய, மருந்து வச்சிய. ஒரு வாய் சாயா குடிக்கல்ல. பெருநாளுக்கு மீன் எடுத்து வச்சேன், எடுக்கமாட்டோம்னுட்டிய. எங்க கையில வாங்குனா கொறச்சலா? ஊர்ல இதத்தான் எல்லாரும் சொல்லுகா. வெறுங்கையோட நம்மள இருத்திட்டுப் போறாங்கன்னு."

முருகன் அண்ணன்தான் முதலில் கிளாஸை எடுத்தார். ஒரே மடக்கு. வாய் சுட்டிருக்கும். நானும் குடித்தேன். இஞ்சி போட்டது. பிறகுதான் வண்டி விஷயத்தைச் சொன்னேன். இந்தக் கரைக்கு என்று தனியாக ஒரு வண்டி இருந்தால் இம்மாதம் ஒருவர் அப்படிப் போயிருக்கமாட்டார் என்று.

"அத மொதல்லயே சொல்லப்பிடாதா? ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு நில்லு. ஃபாதருட்ட நாஞ் சொல்லுகேன்."

கிளம்பும்போது ஒரு பையில் நெத்திலி. வாங்கிக்கொண்டோம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். முருகன் அண்ணன் பையை மடியில் வைத்து சுசீந்திரம்வரை இறக்கவில்லை. அவர் வீட்டில் மீன் சமைக்கமாட்டார்கள். பிறகு எனக்கே போன்: "பிள்ளே, இத இப்ப என்ன செய்ய?"

ஆகஸ்ட் 22, புதன்

டாக்டரம்மாவிடம் சாயா விஷயத்தைச் சொன்னேன். "ஏழைகளுக்குச் செலவு வைக்கப்பிடாதுன்னு நெனச்சேன்" என்றார். சட்டம் இன்றோடு ரத்து. நர்ஸ்களுக்கு ஏகக் கொண்டாட்டம்.

ஞாயிறு யார் பேசுவது? முருகன் அண்ணன் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். "கண்டுபிடிச்சது நீ. பேசதும் நீதான்."

ஆகஸ்ட் 26, ஞாயிறு

வெயில். கடல் தெளிவு.

பூசை முடிந்து கோயிலுக்கு வெளியே எல்லாரும் நின்றார்கள். ஃபாதர் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார். ஐந்து வாக்கியம் எழுதிக்கொண்டு போயிருந்தேன், முதல் வாக்கியத்துக்குப் பிறகு தாளைப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் அவர்கள் அனுப்பியதைப் பற்றிச் சொன்னேன். நன்றி சொல்ல ஒருதரம்கூட வராததைச் சொன்னேன். வண்டி வேண்டும் என்றேன். முடித்துவிட்டேன்.

பின்னாலிருந்து ஒரு இளவட்டம்: "வண்டி எங்க நிக்கும்? நாகர்கோயில்லயா?"

அதை யோசிக்கவே இல்லை. டாக்டரம்மா வந்திருந்தார், முன்னால் வந்து நேராகச் சொன்னார்: "எங்க நிக்கணும், நீங்க சொல்லுங்க."

"இங்கன நிக்கணும். டிரைவரும் எங்க ஊர்ப் பையனா இருக்கணும். ராத்திரி வலிச்சா நாகர்கோயிலுக்குப் போன் பண்ணிட்டு நாங்க பாத்திட்டிருக்க முடியாது."

"செரி."

அதற்குப் பிறகு எங்களுக்கு வேலையே இல்லை. வள்ளக்காரர்கள் அடுத்த மாதம் ஒரு நாள் பாடு, அதாவது அன்றைக்குக் கிடைக்கும் மீன் முழுவதும், வண்டிக்கு என்றார்கள். வளைகுடாவில் இருக்கும் பையன்கள் சங்கத்துக்கு அங்கேயே நின்று ஒருவர் போன் போட்டார். மீன் விற்கும் பெண்கள் தனியாகக் கூடிப் பேசினார்கள், மேரி ஸ்டெல்லா அக்கா வந்து, "நாங்க எவ்ளவுன்னு இப்பச் சொல்லமாட்டோம். ஆம்பிளைகள் சொன்னதுக்குக் கூடதான் இருக்கும்" என்றார்.

முருகன் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டால் மணல் என்பார். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 27, திங்கள்

மத்தியானம் டாக்டரம்மாவுக்கு ஒரு போன். பேசிவிட்டு, யாரையும் கூப்பிடாமல், தன் சொந்தக் காரில் தனியாகப் போனார். மூன்று மணி நேரம் ஆளைக் காணோம். சாயங்காலம் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"துணிக்கட அண்ணாச்சி வீட்டுக்குப் போயிட்டு வாறேன்" என்றார். "அந்தம்மாவப் பாக்க."

தானாகக் கூப்பிட்டிருக்கிறார் அந்த மனிதர். அந்த வரியை வைத்துக்கொண்டு பணம் கேட்க அவரிடம் போயிருந்தால் இன்றைக்கு நம்மைக் கூப்பிட்டிருப்பாரா என்று நினைத்துக்கொண்டேன்.

"அவரு பக்கத்த அலமாரியில வச்சிரு ஷீபா. இனி அவரு நமக்கு நோயாளி வீட்டு ஆளு, பைசா கேக்குற கணக்குல இல்ல."

வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, செவ்வாய்

நாளை ஓணம், பள்ளிக்கூடம் லீவு. நிஷா பூ வாங்கவேண்டும் என்று ஒரே நச்சரிப்பு. தோவாளையில் விலை ஏறிவிட்டதாம்.

வைதேகிக்கு எல்லாவற்றையும் மெயில் அனுப்பினேன். பம்பாய் அம்மாவுக்கும் நாலு வரி இங்கிலீஷில், நிஷா திருத்தித் தந்தாள். அடுத்த வருடம் மாநாட்டில் இதைப் பேச வருகிறீர்களா என்று வைதேகியிடமிருந்து உடனே பதில். ஸ்டீபனிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆபீஸ் விட்டுக் கிளம்பும் நேரத்தில் போன். ஒரு பெண் குரல், கடியப்பட்டணம். சண்டைக்கு வந்த குரல்.

"நீங்கதான் இனயத்துல பேசுன ஆளா?"

"ஆமாக்கா."

"எங்க ஊரு ஒங்க கண்ணுக்குத் தெரியல்லியா? நாங்களும் வருசா வருசம் அனுப்பத்தான் செய்யோம். அவியட்டக் கேட்டிய, எங்ககிட்டக் கேக்கல்ல. இப்ப வண்டிய அங்கனயே போட்டாச்சாம்."

"இல்லக்கா, அது வந்து..."

"ஒண்ணும் சொல்லாண்டாம். வாற ஞாயிறு வாங்க. மைக் செட்டுக்குச் சொல்லியாச்சு."

வைத்துவிட்டார். முருகன் அண்ணனிடம் சொன்னேன். அவர் கிளம்ப எடுத்த பையை மறுபடியும் மேசைமேல் வைத்து உட்கார்ந்துவிட்டார். "அப்ப மூணாவது வண்டியா பிள்ளே?"